லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரில் இன்ஜின் மக்கர் செய்தால்: பட்டறைக்குப் போகும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை

என்னிடம் இருப்பது 2006 மாடல் மாருதி ஆல்ட்டோ. 796 சிசி, மூன்று சிலிண்டர், மீட்டரில் 1,58,000 (மீட்டரை நம்பினால்). செகண்ட் ஹேண்டில் வாங்கி எட்டு மாதம் ஒழுங்காக ஓடிய வண்டி, ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது ஆட ஆரம்பித்தது. ஸ்டியரிங், டேஷ்போர்டு, பின் சீட்டில் கிடந்த தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்து ஆடின. சின்ன மேம்பாலத்தில்கூட இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறியது. பக்கத்துப் பட்டறையில் பானெட்டைத் திறந்து, ஆக்சிலரேட்டரை இரண்டு முறை மிதித்துப் பார்த்துவிட்டு, "இன்ஜின் வேலை வந்துருச்சு சார், இறக்கிப் பார்த்தாத்தான் தெரியும், ஒரு நாற்பதாயிரம் வச்சுக்கங்க" என்றார்கள். கடைசியில் அது எலி கடித்த ஒரு பிளக் கேபிள் (ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் கொண்டுபோகும் வயர்).

அந்தப் பட்டறையைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. வண்டி பழசு, கிலோமீட்டர் அதிகம் என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பிஸ்டனும் ரிங்கும்தான். ஆனால் பழைய இன்ஜினில் வரும் தொல்லைகளில் நிறைய, இன்ஜினுக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் ரப்பர், வயர், ஃபில்டர், கூலன்ட் சமாச்சாரங்கள். செலவே இல்லாததில் ஆரம்பித்து, கொஞ்சம் செலவாவதைப் பார்த்து, அதற்கப்புறம்தான் ஹெட்டை (சிலிண்டர்களுக்கு மேல் மூடி மாதிரி உட்காரும் பாகம்) கழற்றும் பேச்சுக்கே போக வேண்டும். கீழே இருப்பது அந்த வரிசை. பெட்ரோல் காரை மனதில் வைத்து எழுதுகிறேன். டீசலில் ஸ்பார்க் பிளக், அதற்குக் கரண்ட் கொடுக்கும் காயில் எல்லாம் கிடையாது, அது வேறு கதை.

கை வைக்கும் முன் சில விஷயங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிடாதீர்கள், அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். ஹேண்ட் பிரேக், நியூட்ரல் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேட்டி, துப்பட்டா, தொங்கும் ஐடி கார்டு எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. ரேடியேட்டர் ஃபேன் கரண்டில் ஓடுவது, சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் திடீரென்று சுற்றும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது.

முதலில் நோட்டு, அப்புறம் ஸ்பேனர்

"வண்டி சரியில்லை" என்று சொன்னால் எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு மூன்று நாள் ஓட்டி, தொல்லை எப்போது வருகிறது என்று எழுதுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, பத்து கிலோமீட்டர் ஓடிச் சூடான பிறகா? நிற்கும்போதா, மேடு ஏறும்போதா? ஏசி போட்டால் மட்டுமா? மழை நாளில் மட்டுமா? டேங்க் ரிசர்வுக்கு வரும்போதா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. டேங்கில் அரை இருக்கும்போது நன்றாக ஓடி, ரிசர்வில் மட்டும் இழுத்தால் பெட்ரோல் பம்ப், அடியில் சேர்ந்த கசடு பக்கம் பார்க்கலாம். மழையில் மட்டும் மிஸ் அடித்தால் (ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டு விட்டு ஓடினால்) பெரும்பாலும் பிளக் கேபிளோ, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியோதான்.

அப்புறம் புகை. வண்டியை ஒருவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பின்னால் பைக்கில் போய்ப் பாருங்கள், இதைவிட நல்ல டெஸ்ட் கிடையாது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாக எரிகிறது: அடைத்த ஏர் ஃபில்டர், ஒழுகும் இன்ஜெக்டர், தப்பாகச் சொல்லும் சென்சார். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இரவு முழுக்க நின்று காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து பிறகு நின்றுவிட்டால், அல்லது இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது வந்தால், வால்வு சீல் மேல் சந்தேகம். மிதிக்க மிதிக்கத் தொடர்ந்து வந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். வால்வு சீல் வேலையும் ரிங் வேலையும் பணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், அதனால் இந்த வித்தியாசத்தைப் பார்த்து வைத்துக்கொள்வது லாபம். வெள்ளைப் புகை மார்கழிக் காலையில் சும்மாவே வரும், சைலன்சரில் படிந்த ஈரம் அது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் அடர்த்தியாக, ஒரு மாதிரி இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது என்று அர்த்தம். அப்படியென்றால் ஓட்டுவதை நிறுத்துங்கள்.

ஆயிலும் தண்ணீரும்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆஃப் செய்து, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் கறுப்பாக இருப்பது தவறில்லை. கீழ்க் கோட்டுக்கும் கீழே இருப்பதுதான் தவறு. பல கார்களில் இரண்டு கோடுகளுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு லிட்டர். 1,000 கிலோமீட்டருக்கு 200, 300 மில்லி குறைந்தால், பழைய இன்ஜினுக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், டிக்கியில் ஒரு கேன் ஆயில் வைத்துக்கொண்டு ஓட்டுவேன். ஒரு லிட்டர் குடித்தால் விசாரிக்க வேண்டும். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தாலோ, அளவு தானாக ஏறியிருந்தாலோ, எரியாத பெட்ரோல் கீழே இறங்குகிறது. ஓடும்போது ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் "அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்" என்று நினைக்காதீர்கள். அந்த இடத்திலேயே ஓரம் கட்டி ஆஃப் செய்யுங்கள், அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் பேரிங்கைத் தின்றுவிடும்.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் காபி நுரை மாதிரி இருந்தால் உடனே ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீல்) போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் ஆவியாகாமல் அப்படிப் படியும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம், கூடவே கூலன்ட்டும் குறைகிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

கூலன்ட் விஷயத்தில் நம் ஊர் வண்டிகளுக்கு என்று தனி வியாதிகள் இரண்டு உண்டு. ஒன்று, போர் தண்ணீர். கூலன்ட் குறையும்போதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி, குக்கருக்கு அடியில் உப்புப் படிவது போல ரேடியேட்டர் குழாய்களுக்குள் படிந்து கிடக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் (இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு மட்டும், சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்) தண்ணீர் துரு நிறத்தில் இருந்தால் உங்கள் வண்டியும் இந்தக் கேஸ்தான். வடித்து, நல்ல தண்ணீரால் அலசி, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றுங்கள். ரொம்பவும் அடைத்திருந்தால் ரேடியேட்டர் கடையில் கொடுத்துக் கழுவ வேண்டும்.

இரண்டாவது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருப்பது. "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு சார்" என்று சொல்லி எடுத்துவிடுவார்கள், என் வண்டியிலும் எடுத்திருந்தார்கள். தெர்மோஸ்டாட் என்பது ஒரு சின்ன வால்வு. இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்து, 80, 85 டிகிரி வாக்கில் திறக்கும். அது இல்லாவிட்டால் ஹைவேயில் இன்ஜின் போதிய சூட்டுக்கு வராது. இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி விடும், மைலேஜ் விழும், பிளக்கில் கரி சேரும், இன்ஜினும் சீக்கிரம் தேயும். பைபாஸில் அரை மணி நேரம் ஓட்டியும் டெம்பரேச்சர் முள் அடியிலேயே கிடந்தால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்த நிலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கழற்றியதைச் சோதிக்க ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீரோடு போட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வருவதற்குள் வால்வு வாய் திறப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பாத்திரம் பழையதாக இருக்கட்டும், வீட்டில் இதற்காக நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

ஓட்டும்போது சரியாக இருந்து டிராஃபிக்கில் நின்றால் மட்டும் முள் ஏறுகிறது என்றால் முதலில் ஃபேனைப் பாருங்கள். ஏசி போட்டால் ஃபேன் சுற்றுகிறதா? சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் போகலாம். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு ரிலே இருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்ப்பது செலவில்லாத சோதனை. மாறாக, நிற்கும்போது சரியாக இருந்து வேகமாகப் போனால் சூடேறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீர்ப் பம்ப், தெர்மோஸ்டாட் பக்கம் போங்கள். ரேடியேட்டர் மூடியையும் மறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிநிலையை உயர்த்துவது அந்த மூடிதான், அதன் ரப்பர் போனால் தண்ணீர் சீக்கிரம் கொதித்து வெளியே தள்ளும்.

ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறதா என்பதற்கு ஒரு எளிய பார்வை: ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்பத்தில் ஓரிரண்டு குமிழி வரலாம். நிற்காமல் கொப்பளித்துக்கொண்டே இருந்தால், அல்லது மூடி போட்ட வண்டியில் சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகிவிட்டால், சிலிண்டர் காற்று கூலன்ட்டுக்குள் வருகிறது.

ஆட்டம், மிஸ்ஸிங், பிக்கப் இல்லாமை

புதியவர்கள் அதிகம் பணம் இழப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மூன்று சிலிண்டர் வண்டியில் ஒன்று வேலை செய்யாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும், ஆட்டமும் பயங்கரமாக இருக்கும். நான்கு சிலிண்டரில் அவ்வளவு தெரியாது. எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டராகக் கழற்றி மாட்டுங்கள். நல்ல சிலிண்டரின் கனெக்டரைக் கழற்றினால் இன்ஜின் இன்னும் மோசமாகும். எதைக் கழற்றியும் ஒரு மாற்றமும் இல்லையோ அதுதான் குற்றவாளி. பழைய ஆட்கள் பிளக் கேபிளை இழுத்துப் பார்ப்பார்கள். அதில் கையில் ஷாக் அடிக்கும், காயிலும் பழுதாகலாம், எரியாத பெட்ரோல் போய்க் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் கெடுக்கும். இன்ஜெக்டர் இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டிக்கு வேறு வழியில்லை, அதில் இன்ஜினை ஆஃப் செய்து கேபிளைக் கழற்றி, அதன் முனையை இன்ஜின் பாடியில் படும்படி வைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

குற்றவாளி தெரிந்ததும் அதன் பிளக்கைக் கழற்றுங்கள் (இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், அலுமினிய ஹெட்டில் சூட்டோடு கழற்றினால் மரை போய்விடும்). முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது ஸ்பார்க் பலவீனம். பிசுபிசு என்று ஆயில் என்றால் ரிங் அல்லது வால்வு சீல். மற்றவை எல்லாம் பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் பளபளப்பாக இருந்தால், அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் போகிறதோ என்று பாருங்கள்.

அடுத்து மாற்றிப் போடும் வித்தை. இரண்டாம் சிலிண்டரில் மிஸ் என்றால் அதன் பிளக்கை ஒன்றாம் சிலிண்டரில் போடுங்கள், ஒன்றின் பிளக்கை இரண்டில். தொல்லை ஒன்றாம் சிலிண்டருக்கு மாறினால் பிளக் கெட்டது, வேலை முடிந்தது. மாறாவிட்டால் அடுத்ததாகக் காயில், அப்புறம் இன்ஜெக்டர். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள், இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது. பிளக் கேபிள்கள் நீளத்தில் வித்தியாசப்படுவதால் எப்போதும் மாற்றிப் போட முடியாது, அதற்கு இருட்டு உதவும். இரவில் விளக்கில்லாத இடத்தில் பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது கேபிள்கள் மேல் லேசாகத் தண்ணீரைப் பனி மாதிரி தெளித்துத் தள்ளி நின்று பாருங்கள். கரண்ட் ஒழுகும் கேபிளில் நீலப் பொறி ஓடும். என் வண்டியில் எலியின் கைவரிசை அப்படித்தான் தெரிந்தது. பானெட்டுக்குள் எலிப் புழுக்கை கிடக்கிறதா என்பதை நான் இப்போது ஆயில் பார்ப்பதற்கு முன்பே பார்க்கிறேன்.

பிளக்கெல்லாம் சரி, ஆனால் ஐடில் ஏறி இறங்கி ஊசலாடுகிறது என்றால் காற்று ஒழுக்கு. பதினைந்து வருட ரப்பர் ஹோஸ்கள் மடிப்பில் வெடித்திருக்கும். ஓர் அடி நீளப் பழைய ட்யூபை ஒரு முனை காதில், மறு முனை ஹோஸ்களின் பக்கம் வைத்துக் கேளுங்கள், "ஸ்ஸ்ஸ்" என்ற இடம் மாட்டும். த்ராட்டில் பாடியின் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) வாயில் கரி படிந்திருந்தால் அதற்கான கிளீனர் ஸ்பிரேயும் துணியும் போதும், பல வண்டிகளில் ஐடில் தொல்லை இதோடு தீர்ந்துவிடும். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் பிசிவி வால்வு என்று ஒரு சின்னப் பொருள் உண்டு, கழற்றிக் குலுக்கினால் உள்ளே "டக் டக்" என்று ஆட வேண்டும். அது அடைத்தால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல ஆயில் சீல்கூட ஒழுக ஆரம்பிக்கும். சீலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், ஒழுக்கு திரும்பத் திரும்ப வரும்.

பெட்ரோல் பக்கம்: சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பின் சீட்டுக்கு அடியில் இரண்டு விநாடி "ம்ம்ம்" என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முதலில் ஃபியூஸும் ரிலேயும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் அதை நினைத்துச் செய்தவை அல்ல. எத்தனால் டேங்கில் படிந்த கசடைக் கிளப்பிவிட்டு ஃபில்டரையும் அடைக்கும். ஃபில்டரை மாற்றுவதோடு, பெட்ரோல் ஹோஸ்கள் ஊறிப்போய், வெடிப்பு விட்டு இருக்கின்றனவா என்று விரலால் அமுக்கிப் பாருங்கள். அவை தீப்பிடிக்கும் சமாச்சாரம், சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பேட்டரி டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்து, இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் வயரை இறுக்குங்கள். இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது பேட்டரியில் மல்டிமீட்டர் 12.5 வோல்ட் வாக்கில் காட்ட வேண்டும், இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை.

ஸ்கேனர் பற்றி

கார் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் புளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கி மொபைலில் பார்ப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் 2013-க்கு முந்தைய பல இந்திய வண்டிகளில் அது பேசாது. பேசினாலும், அதில் வரும் எரர் கோட் ஒரு புகார்தான், தீர்ப்பு அல்ல. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று மட்டும் சொல்கிறது, காரணம் பிளக்கா காயிலா வால்வா என்று சொல்லாது. பி0171 வந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். பார்த்தவுடன் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்வார்கள், நீங்கள் முதலில் வெடித்த ஹோஸைத் தேடுங்கள். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம். கண் சிமிட்டினால் கடுமையான மிஸ்ஃபயர், வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள்.

இவ்வளவுக்கும் மேல் சரியாகவில்லை என்றால்

அப்போதுதான் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளப்பது. கேஜ் விலை அதிகமில்லை, பல பட்டறைகளிலும் இருக்கும், கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், எல்லா பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்து, இக்னிஷன் கனெக்டரையும் கழற்றிவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஐந்தாறு சுற்று செல்ஃப் அடிக்க வேண்டும். பேட்டரி டவுனாக இருந்தால் எண் பொய் சொல்லும். பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்களில் 150 பிஎஸ்ஐக்கு மேல் வந்தால் நிம்மதி. அந்த எண்ணைவிட முக்கியம், சிலிண்டர்களுக்கு இடையில் வித்தியாசம் பெரிதாக இல்லாமல் இருப்பது. 165, 160, 110 என்று வந்தால் அந்த 110 உள்ள துளையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அடியுங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் தேய்வு, ஆயில் இடைவெளியை அடைத்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கலாம்.

சத்தத்தை வைத்தும் கொஞ்சம் பிரிக்கலாம். ஹெட் பக்கம் "டிக் டிக்" என்றால் பெரும்பாலும் டேப்பட் (வால்வைத் திறக்கும் இடத்தில் உள்ள இடைவெளி), செட்டிங் செய்தால் போதும். அடியிலிருந்து, மிதிக்கும்போது "டொக் டொக்" என்று கனமாக வந்தால் பேரிங், அதை ஓட்டிக்கொண்டு போகாமல் டோ செய்யுங்கள். காலையில் மட்டும் கிறீச்சிட்டால் வெறும் பெல்ட். டைமிங் பெல்ட் சத்தம் போட்டு எச்சரிக்காது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியில் அதை எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள்.

சரி, உண்மையிலேயே இன்ஜின் வேலைதான் என்று ஆகிவிட்டால், இறக்குவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஹெட் மட்டுமா, ரிங்கும் பேரிங்குமா, ரீபோரா (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது)? மூன்றுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள். ஹெட்டைக் கழற்றினால் லேத்தில் கொடுத்துச் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, வளைந்திருந்தால் ஃபேஸிங் செய்யச் சொல்லுங்கள். பலர் இந்த வேலையை விட்டுவிட்டு வெறும் கேஸ்கெட்டை மாற்றி மூடிவிடுவார்கள், மூன்று மாதத்தில் மறுபடி போகும். ஹெட் போல்ட்டை டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து இறுக்கும் ஸ்பேனர்) இறுக்குகிறார்களா என்று கேட்பதில் வெட்கமில்லை. லேத் பில்லையும் பழைய பார்ட்ஸையும் கையில் வாங்குங்கள். சென்னை என்றால் புதுப்பேட்டையில் முழு இன்ஜினே செகண்ட் ஹேண்டில் கிடைக்கும், சில சமயம் ரீபோரைவிடக் குறைவாகவே முடியும். ஆனால் ஓடவிட்டு, கம்ப்ரஷன் பார்க்காமல் வாங்காதீர்கள், இன்ஜின் நம்பர் மாறினால் ஆர்சியிலும் மாற்ற வேண்டியிருக்கும்.

என் ஆல்ட்டோவுக்குப் பிளக் கேபிளும் தெர்மோஸ்டாட்டும் மாற்றிய பிறகு ஆட்டம் போனது, மைலேஜும் 13-இலிருந்து 17-க்கு வந்தது. காலையில் அந்த ஒரு கொத்து நீலப் புகை மட்டும் இன்னும் வருகிறது. வால்வு சீல் தான். ஆயில் 1,000 கிலோமீட்டருக்கு 150 மில்லிதான் குறைகிறது, அதனால் இந்த வருடம் தொடப்போவதில்லை.